ராணியின் முதுகுப்பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இதை நானாக எழுத உட்காரவில்லை. வெண்டல் கேட்டான். பழங்கால இங்கிலாந்து மாதிரி வேஷம் கட்டி, சனி ஞாயிறுகளில் நாங்கள் நடத்தும் சந்தை ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை திறக்கிறது. வாசல் திறக்கும் முன், வேஷம் கட்டிய எல்லோரும் புல்வெளியில் கூடி நிற்கும்போது, இறந்துபோன அவன் மனைவி லொரெட்டாவைப் பற்றி இரண்டு பக்கம் வாசிக்க வேண்டுமாம்.

"நீதான் எழுதணும் மேவிஸ். பதினாறு வருஷமா அவளுக்கு உடுத்திவிட்டவ நீ. திடீர்னு போயிட்டா, யாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்க வழியில்லன்னு எழுது. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

தலையாட்டிவிட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வழியிருந்தது. அதை அவனிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இரண்டு பக்கத்துக்கு மூன்று வாரமாகத் திண்டாடுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

"நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தின் மகாராணி, ஒஹாயோவின் சோளக்காடுகளுக்கு நடுவே, பச்சை வெல்வெட் உடுத்தி, கம்பீரமாக—"

வேண்டாம். லொரெட்டா கேட்டால் கொட்டாவி விடுவாள்.

இரண்டாவது தொடக்கம்:

"வாரநாட்களில் லொரெட்டா ஹாஸ்கின்ஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். சனி, ஞாயிறுகளில் ராணி. இரண்டு வேலையிலும் அவள் சொன்னது ஒன்றுதான்: வாயை மூடிக்கிட்டு உக்காரு."

இது பரவாயில்லை. இதில் அவள் இருக்கிறாள்.

(இடையில் ஒரு வார்த்தை. வெளியாட்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வங்கியில் கணக்கு எழுதுகிற மனிதர் தகரக் கவசம் மாட்டிக்கொண்டு, வான்கோழிக் காலைக் கடித்தபடி "ஹுஸ்ஸா!" என்று அந்தக்கால ஆங்கிலேயர் மாதிரி உற்சாகமாகக் கத்தினால் சிரிப்பு வரத்தான் செய்யும். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வாசலுக்குள் வந்துவிட்டால் நாங்கள் வேஷத்தைக் கலைப்பதில்லை, கால் சுளுக்கினாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி. அந்த வீறாப்பு எங்கள் எல்லோருக்கும் உண்டு. இந்தக் கதையில் வினை அதுதான்.)

3

ஆட்கள் மூன்றே பேர். லொரெட்டாவுக்கு ஐம்பத்துநான்கு வயது. வெண்டல் அவளுடைய கட்டியக்காரன். ஊர்வலத்தில் பத்தடி முன்னால் மணியடித்துக்கொண்டு, "வழி விடுங்க, மகாராணி வராங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவான். பின்னால் சேறு படாமல் பாவாடை விளிம்பைத் தூக்கிக்கொண்டு நான். ஆக, அத்தனை பெரிய சந்தையில் ராணியின் முதுகை நாள் முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவளுடைய பச்சை வெல்வெட் கவுனுக்கு முதுகில் நாடா. இழுத்துக் கட்டினால் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், அப்படித்தான் வெட்டியிருந்தேன். போன வருஷம் இரண்டாவது வாரமே ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

"எல்லாம் கோடை முழுக்கத் தின்ன வெள்ளரிக்காய்டி," என்றாள் லொரெட்டா. "முப்பது வருஷமா போகாத சதை. கண்ணு வெக்காத."

"கண்ணு வெக்கல மகாராணி. வயிறு எரியுது."

"எரியட்டும். பத்தொன்பது வயசுல இருந்த இடுப்புடி இது!"

இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கே இரண்டு பக்கமும் அரை விரல் பிடித்துத் தைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு அரை விரல். அதற்கடுத்த வாரமும், அப்படியே சீசன் முடியும்வரை. கவுன் தொளதொளவென்று விழாமலிருக்க உள்ளே மார்பிலும் இடுப்பிலும் மெல்லிசாகப் பஞ்சு வைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. அக்டோபரில் எடுத்த படங்களில் அவள் ஆகஸ்டில் இருந்தது போலவே இருக்கிறாள். அந்தப் படங்களை நான் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

4

ஆறாவது வாரம். லொரெட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் பிடிச்சுத் தை. பஞ்சு வை. வெண்டலுக்குத் தெரியவேண்டாம். இந்த சீசன் முடியட்டும்," என்றாள். நான் கண்ணீரை அடக்கிக்கொண்டு—

நல்ல காட்சி, இல்லையா? வாசித்தால் புல்வெளியே அழும். ஆனால் பொய். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரமாக ஒரு வரிகூட ஓடாத எனக்கு இது மட்டும் காலைக் காப்பி ஆறுவதற்குள் வந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இதில் அவள் வீராங்கனை, நான் ரகசியம் காத்த தோழி. கிழித்துப் போடாமல் உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். எழுதுகிற கை எப்படிப்பட்டது என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4 (மறுபடியும்)

நடந்தது இதுதான். ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் பின்னால் நான் மண்டிபோட்டிருந்தேன், வாயில் நாலைந்து குண்டூசி.

"மேவிஸ்."

"ம்."

"ரொம்பத்தான் இளைச்சுட்டேனோ? வெள்ளிக்கிழமை பஸ்ஸத் திருப்பறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சுடி."

குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "ஊர்வல முரசு அடிச்சாச்சு. ஆடாம நில்லு."

நின்றாள். பதினாறு வருஷத்தில் என்னிடம் அவள் பயந்து கேட்ட ஒரே கேள்வி அது. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். வெளியே வெண்டல் மணியடித்தான். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

நவம்பர் நடுவில் பேருந்து நிறுத்துமிடத்தில் மயங்கி விழுந்தாள். அதன்பிறகு நாலு வாரம், அவ்வளவுதான். உள்ளே முற்றிய புற்றுநோய் சிலருக்கு வெளியே அடையாளமே காட்டாது என்று மருத்துவர் சொன்னாராம். வெண்டல் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். அடையாளம் இருந்தது. அதை வெளியே தெரியாதபடி தைத்தவள் நான். முன்பே மருத்துவரிடம் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவள் என்னிடம் கேட்டாள், நான் ஆடாமல் நிற்கச் சொன்னேன்.

5

நேற்று மதியம் வெண்டல் அந்தக் கவுனோடு வந்தான். இந்த வருஷ ராணி பெரிய உடம்புக்காரி; தையலைப் பிரித்துப் பெரிதாக்க வேண்டும்.

"குடு, நானும் பிரிக்கிறேன். வீட்டுல சும்மா உக்கார முடியல," என்றான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. சின்னக் கத்தரிக்கோலைக் கொடுத்தேன்.

வெல்வெட் எதையும் மறக்காத துணி. ஊசி இறங்கின இடத்தில் அதன் முடி நசுங்கிவிடும். எத்தனை முறை ஆவி காட்டினாலும் நிமிராது. அவன் ஒரு தையலைப் பிரித்தான். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. உள்ளிருந்து பஞ்சு அவன் மடியில் விழுந்தது.

"என்ன மேவிஸ் இது, கோடு கோடா?"

விரல் வைத்து எண்ணினான். ஏழு, வாரத்துக்கு ஒன்று. சந்தைக்காரனுக்கு வாரக்கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். 'உனக்குத் தெரியுமா' என்று கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட மறைச்சாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கைகாட்டி நிறுத்தினான்.

"இப்ப வேணாம். மூஞ்சிக்கு நேரா கேட்டா எனக்கு இதமாத்தான் சொல்லுவ. எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை வரேன்."

6

இன்று வியாழன். கைவசம் உள்ள முடிவுகள்:

(அ) அவளுக்குத் தெரியும், என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். காட்சி ஏற்கெனவே தயார். நான் தப்பிவிடுவேன். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள் தன்னை நம்பவில்லை என்று நினைத்தே அவன் மிச்சக் காலத்தைக் கழிப்பான்.

(ஆ) அவை பழைய கோடுகள், முதலில் அளவு பார்த்தபோது விழுந்தவை. பாதி நம்புவான். பாதி நம்பிக்கையோடு தூங்க முடியுமா?

(இ) எல்லாவற்றையும் சொல்கிறேன், அவன் அழுது முடித்து என் தோளில் கை வைத்து—

இல்லை. அவன் கையை எங்கே வைப்பான் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

இந்தப் பக்கங்களை அவன் பார்க்கப்போவதில்லை. இவை உங்களுக்கு. அவனுக்கான தாள் தனியாக இருக்கிறது. காலையிலிருந்து அதில் ஒரே வரிதான்: "லொரெட்டா உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, வெண்டல்."

அது உண்மை. அதோடு நிறுத்தி, கீழே கையெழுத்துப் போட்டு, மடித்துக் கொடுத்தாலும் உண்மைதான். அவன் கேட்டதற்கு அதுவே போதுமான பதில். அடுத்த வரி அவளைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது.

அதை எழுதட்டுமா? நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் விட்டால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.