கைக்குச் சரியாக வராத மட்டை

மட்டையின் நரம்பு அறுந்த சத்தம், பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு வரைக்கும் கேட்டது. ரோசா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

பூப்பந்து ஆட்டம் நிற்கவில்லை. அவள் புருஷன் கிறிஸ்துதாஸ் மட்டையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓரமாக ஓடி யாருடைய மட்டையையோ வாங்கிக்கொண்டு வந்தான். அதை வைத்து அவன் அடித்த பந்தெல்லாம் கோட்டைத் தாண்டியே போய் விழுந்தது. முன்பே சேர்த்து வைத்திருந்த பாயிண்டுகளின் புண்ணியத்தில் புதுச்சேரி அணி எப்படியோ தப்பித்தது. ஞாயிற்றுக்கிழமை கடலூரோடு இறுதி ஆட்டம்.

கேப்டன் பலராமன் வியர்வையைத் துடைத்தபடி வந்து கிறிஸ்துதாஸின் முதுகில் தட்டினான்.

"என்னா தாசு, மூஞ்சி இப்படித் தொங்குது? இந்த ஊர்ல பேட்டுக்கு நரம்பு போடற ஒரே ஆளு உன் மாமனாரு. நாளைக்குக் காலைல குடுத்தா சாயங்காலம் கைல வந்துடப் போவுது. எங்களுக்கெல்லாம் ஒரு வாரம் இழுப்பாரு. உனக்கென்னா, கடை மாப்ள!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்துதாஸும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்பது ரோசாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மட்டை அவள் அப்பா கடையில் வாங்கியது இல்லை. மதராஸில் வாங்கியது.

மிசியோன் வீதியில் பிரகாசத்தின் விளையாட்டுச் சாமான் கடையை அறியாதவர்கள் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த நாளில் கப்பலில் வந்த சாமான்களுக்காக மதராஸ்காரர்களே அங்கே வந்து நிற்பார்கள். அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஐந்து வருஷமாகிறது. எல்லையில், கோரிமேட்டில் இருந்த சுங்கச் சோதனையும் போனது. இப்போது விலை மலிவென்று புதுச்சேரிக்காரர்கள் பஸ் ஏறி மதராஸுக்குப் போனார்கள். போவதற்கு முன்னால் பிரகாசம் கடைக்கு வந்து பூட்ஸைப் போட்டு நடந்து பார்ப்பார்கள். கடைக்குப் பின்னால் முற்றத்துச் சுவரில் வலை உயரத்துக்கு ஒரு கோடு கிழித்திருந்தது. அங்கே நின்று, மஞ்சள் கம்பளிப் பந்தை அடித்து மட்டைகளைச் சோதித்துப் பார்ப்பார்கள். பிறகு, "நாளைக்கு வரேன் முசியே" என்று போய்விடுவார்கள்.

பிரகாசம் யாரையும் தடுத்ததில்லை. ஆனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மட்டையை எங்கே வாங்கினாலும் நரம்பு போட்டுக் கொடுப்பார். தன் முற்றத்தில் அடித்துப் பார்த்துவிட்டு வெளியூரில் வாங்கியவனுக்கு மட்டும் போடமாட்டார். ஒரு பள்ளிக்கூடத்துச் சாமியாரின் மட்டையையே, "சாமி, நீங்க இங்க தொட்டுப் பாத்தீங்க, அங்க வாங்கினீங்க. அங்கியே குடுங்க" என்று திருப்பி அனுப்பியவர். அடுத்த ஞாயிறு கோயில் பூசையில் அதே சாமியாரிடம் பவ்வியமாக நன்மை வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

கிறிஸ்துதாஸ் தொட்டுப் பார்த்தவன்தான். அதுவும் எப்படி! ஒரு மணி நேரம் அந்த முற்றத்தில் அடித்துவிட்டு, "கைக்குச் சரியா வரல மாமா, பிடி பெருசா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த மாதம் மராமத்து இலாகா வேலையாக மதராஸ் போனபோது, அதே கம்பெனி, அதே அளவு மட்டையை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் ரோசா அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"இப்ப என்னா பண்றது?"

"கடலூர்ல ஒருத்தன் போடறான். ஆனா அவன் நாளன்னிக்கி எனக்கு எதுத்தாப்ல ஆடறவனோட சொந்த மச்சான்." அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அறுந்த நரம்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தான். "ரோசா, நீ எடுத்துட்டுப் போயி குடு. பலராமன் பேட்டுன்னு சொல்லிடு."

"அவரையே போவச் சொல்லுங்களேன்."

"அவன்கிட்ட சொன்னா, தண்டோரா போட்ட மாதிரி. பைனலுக்கு முன்னாடி ஊரே சிரிக்கும்."

"எங்கப்பாகிட்ட நான் பொய் சொல்லணுமா?"

அவன் நரம்பைக் கீழே போட்டான். மெதுவாகச் சொன்னான்.

"கல்யாணமான புதுசுல கேன்வாஸ் ஷூவை எடுத்துப் பாத்தேன். கட்டிக் குடுத்துட்டாரு. பந்து நல்லாருக்குன்னேன். ஒரு பெட்டியே வீட்டுக்கு வந்துடுச்சு. காசு நீட்டினா, என்னமோ கெட்ட வார்த்த பேசின மாதிரி பாக்கறாரு. ஆபீஸ்ல எனக்குக் கடை மாப்ளன்னே பேரு. இந்த ஒண்ணையாவது என் சம்பளத்துல வாங்கணும்னு நெனச்சேன். நல்லாருக்குன்னு சொன்னா அந்த நிமிஷமே கட்டிடுவாரு. வேற என்னா சொல்றது, நீயே சொல்லு."

மட்டையை வாங்கி வந்த அன்றே இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தான். அன்று அவளுக்கு அவன்மேல் பிரியம்தான் கூடியது. இன்று அதற்காக அவள் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை, மட்டையைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு அவள் கடைக்குப் போனாள். பிரகாசம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி நிமிர்ந்தார்.

"வாம்மா. மாப்ள நேத்து ஜெயிச்சுட்டாராமே! என்னா இது கைல?"

"பேட்டுப்பா. நரம்பு அறுந்துடுச்சு. பலராமன் அண்ணனோடது." வார்த்தைகள் தானாக வந்துவிட்டன. "நாளைக்கு பைனலுக்கு வேணுமாம்."

அவர் துணியைப் பிரித்து மட்டையைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். ரோசா சுவரில் மாட்டியிருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தாள். அங்கேயும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"மதராஸ்ல வாங்கினது. பலராமன் நம்ம முற்றத்துல அடிச்சுப் பாத்தானா?"

"இல்லப்பா."

அது பொய்யில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதே அவளுக்குக் கசந்தது.

"அப்பச் சரி."

மரச்சட்டத்தில் மட்டையை இறுக்கி, பழைய நரம்புகளை வெட்டியெடுத்தார். ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். புது நரம்பை ஒவ்வொரு ஓட்டையிலும் கோத்து, இழுத்து, குத்தூசியால் அடைத்து, அடுத்ததற்குப் போனார். நெடுக்கு நரம்புகள் முடிந்து குறுக்குக்கு வரும்போது பத்து மணி வெயில் வாசற்படிக்கு வந்துவிட்டது. ரோசா போயிருக்கலாம். போகாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாடி, அந்த மேல்தட்டுல ஒரு பொட்டலம் இருக்கு பாரு. எடு."

எடுத்தாள். வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே மட்டை. அன்றைக்குக் கிறிஸ்துதாஸ் முற்றத்தில் அடித்துப் பார்த்த அதே மட்டை. பிடியில் மட்டும் புதுத் தோல்.

"பிடி பெருசுன்னு சொன்னாரில்ல? தோல உரிச்சிட்டு, கட்டைய இழைச்சு இழைச்சு சன்னமாக்கியிருக்கேன். ரெண்டு பேரு வெலைக்குக் கேட்டாங்க. இது எங்க மாப்ளையோடதுன்னு குடுக்கல." நரம்பை இழுத்துப் பிடித்தபடியே சிரித்தார். "நாளைக்கு பைனலுக்கு இதை எடுத்துட்டுப் போவச் சொல்லு. நான் கிரவுண்டுப் பக்கமே போவாத ஆளு, நாளைக்குக் கடைய சாத்திட்டு வரேன். அவர் கைல இதைப் பாக்கணும்."

ரோசா அந்தப் பிடியைப் பற்றிப் பார்த்தாள். அவள் கைக்கே அடக்கமாக இருந்தது. கிறிஸ்துதாஸின் கை எவ்வளவு பெரியது! இதை வைத்து அடித்தால் மட்டை கையில் சுழலும். நேற்று இரவல் மட்டையோடு அவன் பட்ட பாட்டைப் பார்த்தவள். இதைக் கொண்டு ஆடினால் நாளைக்கு அணியின் ஐந்து பேரும் தோற்பார்கள். ஆடாவிட்டால், கடையைச் சாத்திவிட்டு வருகிற மனுஷர், பலராமனுடையது என்று அவள் சொன்ன மட்டை மாப்பிள்ளை கையில் இருப்பதைப் பார்ப்பார்.

நாளைக்குத் தெரிவதைவிட இப்போதே தெரியட்டும்.

"அப்பா, நிறுத்துங்க. அது பலராமன் அண்ணனோடது இல்ல. அவரோடது."

பிரகாசத்தின் கை அப்படியே நின்றது. இழுத்த நரம்பை விடவும் இல்லை, அடைக்கவும் இல்லை.

"எவரோடது?"

"உங்க மாப்ளையோடது. மதராஸ்ல வாங்கினாரு. பிடி பெருசா இல்லப்பா. அது அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

வீதியில் ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. பிரகாசம் அந்த நரம்பை அப்படியே அடைத்துவிட்டு, குத்தூசியைக் கீழே வைத்தார்.

"என் சட்டம் அவருக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் உன்னப் பொய் சொல்ல அனுப்பினாரா?"

"நான்தான் சொன்னேன். என் வாயிதான சொல்லிச்சு." அவள் அதோடு விடவில்லை. "நீங்க அவர்கிட்ட ஒரு தடவயாவது காசு வாங்கினீங்களா? இந்தக் கடையில எது நல்லாருக்குன்னு சொல்லவே அவருக்குப் பயமா இருக்குப்பா."

"பொண்ணக் குடுத்த எடத்துல காசு வாங்கச் சொல்றியா? என்னக் கேவலமா பேசமாட்டாங்களா?"

"அவரப் பேசறாங்களே. கடை மாப்ளன்னு."

அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அந்தப் பேரை அவரும் கேட்டிருக்கிறார். கேட்டுப் பெருமைப்பட்டும் இருக்கிறார். எழுந்தார். சன்னமாக்கிய மட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, மேல்தட்டில் வைக்காமல், விற்பனைக்கு இருந்த மட்டைகளோடு ஆணியில் மாட்டினார். இனி அது மாப்பிள்ளையுடையது இல்லை.

"தொட்டுப் பாத்தவர் வந்து கேக்கட்டும். அதுவரைக்கும் சட்டத்துல இது இப்படியே கெடக்கும்."

பாதி நரம்போடு மட்டை சட்டத்தில் கிடந்தது.

சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். வீட்டு வாசலில் காத்திருந்து கிறிஸ்துதாஸிடம் அவள் சொன்னபோது, அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

திட்டுவான் என்று நினைத்தாள். அவன் சைக்கிளைத் திருப்பினான். "ஏறு" என்றான். நேராகக் கடைக்கு மிதித்தான்.

கடைக்குள் அவன் நுழைந்ததும் பிரகாசம் எழுந்தார். எப்போதும் "வாங்க மாப்ள" என்று பாதி வீதிக்குக் கேட்கும் குரல், இன்று மேசைக்கு இந்தப் பக்கம்கூட வரவில்லை.

"போன்ழூர் முசியே. என்ன வேணும்?"

ரோசா சேலைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றினாள். முன்பின் தெரியாதவர்களுக்கு அப்பா வைத்திருக்கும் பிரெஞ்சு வணக்கம் அது.

கிறிஸ்துதாஸ் சட்டத்தில் கிடந்த மட்டையைக் காட்டினான். "என் பேட்டுக்கு நரம்பு போடணும். இங்க அடிச்சுப் பாத்துட்டு மதராஸ்ல வாங்கினேன். கைக்குச் சரியா வரலன்னு சொன்னது பொய். அதவிட நல்ல பேட்ட நான் தொட்டதே இல்ல. உங்க சட்டப்படி முடியாதுன்னா, திருப்பிக் குடுத்துடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எதுக்கு அங்க வாங்கினீங்க?"

"காசு குடுத்து வாங்கணும்னு ஆசைப்பட்டேன் மாமா."

பிரகாசம் அவனையே பார்த்தார். மகளைப் பார்த்தார். சட்டத்தருகே உட்கார்ந்து கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"நரம்புக்கும் கூலிக்கும் சேத்துக் குடுக்கணும். முன்கூட்டியே."

கிறிஸ்துதாஸ் சட்டைப்பையில் கைவிட்ட வேகத்தைப் பார்த்து ரோசாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. அவன் வைத்த காசை மாமனார் எடுத்து, மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு மட்டைமேல் குனிந்துகொண்டார். அதன்பின் இரண்டு மணி நேரம் அந்தக் கடையில் நரம்பு இழுபடும் சத்தம் மட்டும்தான். கிறிஸ்துதாஸ் உட்காரவில்லை. உட்காரச் சொல்லி அவரும் சொல்லவில்லை.

முடித்ததும் மட்டையை நீட்டினார். "முற்றத்துல அடிச்சுப் பாருங்க."

இருவரும் அவன் பின்னால் போனார்கள். அவன் கோட்டுக்கு நேராக நின்று பந்தை அடித்தான். சுவரில் பட்டுத் திரும்பியது. மறுபடி. மறுபடி. நான்காவது அடிக்குப் பிறகு மட்டையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நரம்பை விரலால் சுண்டிப் பார்த்தான்.

"எப்படியிருக்கு?"

கிறிஸ்துதாஸ் ரோசாவைத் திரும்பிப் பார்த்தான். வழக்கமான வார்த்தை அவன் நாக்கு நுனியில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. 'நல்லாருக்கு மாமா' என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அவள் மிக லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"குறுக்க நடுவுல ரெண்டு நரம்பு தொளதொளன்னு இருக்கு மாமா. பந்து அங்க பட்டா செத்துப்போவுது."

காலையில் ரோசா உண்மையைச் சொன்னபோது பிரகாசத்தின் கை நின்றுபோன இடம் அது. அவர் போட்ட நரம்பில் குறை சொன்னவன் அந்த ஊரில் அதுவரை கிடையாது. அவர் மட்டையை வாங்கி, கட்டைவிரலால் அந்த இரண்டையும் அழுத்திப் பார்த்தார். அழுந்தியது.

"ஆமா," என்றார். பிறகு சட்டத்தை நோக்கி நடந்துகொண்டே, பாதி வீதிக்குக் கேட்கிற குரலில், "உள்ள வாங்க மாப்ள, நின்னுக்கிட்டே இருக்கீங்க! ரோசா, அந்த ஸ்டூல எடுத்துப் போடு!" என்றார்.

ஸ்டூலைப் போட்டுவிட்டு ரோசா ஆணியில் மாட்டியிருந்த சன்ன மட்டையை எடுத்து, பிடியை இன்னொரு தரம் பற்றிப் பார்த்தாள்.

"அப்பா, இது என் கைக்குச் சரியா இருக்கு."

"அவர்கிட்ட கேளு," என்றார் பிரகாசம் நிமிராமல். "காசு குடுப்பாரு."