நாற்பத்தொரு வாய்

அக்காவின் வலது மணிக்கட்டில் அந்தப் பட்டையைக் கட்டிவிட்டவன் நான்தான். எங்கள் அலுவலகத்தில் தயாராவது அது. கை வாய்க்குப் போகும் ஒவ்வொரு தடவையையும் எண்ணி உடனுக்குடன் என் போனுக்கு அனுப்பிவிடும். எது சாப்பாடு, எது சும்மா கையாட்டல் என்று அதற்குக் கற்றுக்கொடுத்த ஆறு பேரில் நானும் ஒருவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அக்கா தையல்காரி. அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத ஜென்மம். வேலைக்காக நான் வேறு ஊருக்குக் கிளம்பியபோது அதனால்தான் கட்டிவிட்டேன்.

"நீ ஒழுங்கா சாப்பிடலேன்னா இது என்கிட்ட போட்டுக் குடுத்துடும், தெரியும்ல?"

"உளவாளிய வச்சுட்டுப் போறியா? சரி, போ," என்று சிரித்தாள்.

தினமும் மதியம் பச்சை எழுத்தில் வரும். முப்பத்தெட்டு வாய். நாற்பத்தொரு வாய். அந்த நிம்மதியில் போன் பண்ணுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். ஒருநாள் கீழ்வீட்டு டீச்சர் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க அக்கா துரும்பா இளைச்சுட்டாங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

"நல்லாத்தான் சாப்பிடறாங்க டீச்சர். என்கிட்ட கணக்கு இருக்கு."

கணக்காம் கணக்கு! என் வாயில் மண்ணைப் போட.

மூன்றாவது மாதம் அக்கா மயங்கி விழுந்தாள். டீச்சர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்றைக்கும் போனில் பச்சைதான்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் பக்கத்தில் அவள் உட்காரும் நாற்காலியைச் சுற்றி, பல்லால் கடித்துத் துப்பிய நூல் துணுக்குகள். மதியத்தில்தான் அவள் பட்டன் தைப்பாள். ஒரு பட்டனுக்கு ஒரு கடி; பட்டைக்கு அது ஒரு வாய். முடி ஒதுக்குவது, மூக்கைச் சொறிவது எல்லாவற்றையும் கழித்துவிடச் சொல்லிக்கொடுத்த எனக்கு, சின்ன வயதிலிருந்து பார்த்த அந்தக் கை மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. உணவுக்குழாயில் கட்டி. "ஆரம்பத்துலயே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல."

அக்கா கண் திறந்தாள். பட்டை இன்னும் அவள் கையில் இருந்தது, எலும்பில் தொளதொளவென்று.

"எதுவுமே உள்ள இறங்கலடா. தண்ணிகூட கஷ்டம்தான். இது உன்கிட்ட சொல்லியிருக்கும், இன்னைக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு பாத்துட்டே இருந்தேன். சொல்லலியா?"

நூல் விஷயத்தைச் சொன்னால் தன்னைத்தான் நொந்துகொள்வாள்.

"சொல்லுச்சுக்கா. நான்தான் வரல."

"வேலை இருந்திருக்கும்," என்றாள், எனக்குப் பரிந்துகொண்டு. பிறகு உலர்ந்த உதட்டை வலது புறங்கையால் துடைத்தாள்.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு வாய்.