எந்த வூட்டுச் சர்க்கரை

"உன் வூட்டு சக்கர என் பேரப்புள்ளைக்கு வேணாம் மச்சான். ரிப்போர்ட்டு அப்படி வந்துச்சுன்னா கல்யாணம் கெடையாது."

பொத்தேரி ஆஸ்பத்திரி வாசலிலேயே குமார் கறாராகச் சொல்லிவிட்டார். செய்யூரில் வேர்க்கடலை வியாபாரி. திருப்போரூர் வேன் டிரைவர் எல்லப்பனின் மனைவி முனியம்மாவுக்கு அண்ணன். குமாரின் மகன் ஹேமந்துக்கும் எல்லப்பனின் மகள் பூங்கொடிக்கும் தை மாதம் கல்யாணம். ஒல்லிக்குச்சியான பூங்கொடிக்கு இருபத்து மூன்று வயதில் சர்க்கரை நோய் வந்ததுதான் வினை.

எல்லப்பனுடைய அப்பா சர்க்கரையில் கால் போய்ச் செத்தவர். அதனால் மாமனார் வீட்டு விருந்தில் பாயசம் எப்போதும் அவர் இலையைத் தாண்டித்தான் போகும். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. யார் கேட்டார்கள்?

குமாரும் எல்லப்பனும் முனியம்மாவும் பூங்கொடியும் எதிரே உட்கார, டாக்டர் வசுமதி பூங்கொடியின் மரபணுச் சோதனை முடிவைத் திரையில் திறந்தார்.

"இது அப்பா வழி இல்ல. அம்மா வழி."

எல்லப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"செல்லுக்குள்ள சக்தி தயாராகிற இடம் ஒண்ணு இருக்கு. அங்க புரதம் கட்டறதுக்குக் கல் எடுத்துக் குடுக்கிற சித்தாள் மாதிரி ஒரு ஆர்.என்.ஏ. அதுல ஒரு எழுத்து மாறிப்போச்சு. சக்தி பத்தாம தவிக்கிறது கணையமும் காதும். அம்மாவுக்குக் காது எப்போலேர்ந்து மந்தம்?"

"அது பொறந்த வூட்டுல கடல உடைக்கிற மிஷின் சத்தத்துல..." என்று இழுத்தார் எல்லப்பன். முனியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. புருஷன் வீட்டுச் சாப்பாட்டால் வந்தது என்று அதற்கும் மாமனார் வீட்டில் இவரைத்தான் ஏசினார்கள்.

"மிஷின் இல்லீங்க, இதுதான். தாய்கிட்டேர்ந்து மட்டுந்தான் பிள்ளைங்களுக்கு வரும். அவங்க கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம்."

"இன்னா சொல்றீங்க? சரியா வுழல," என்றார் குமார், காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு.

டாக்டரின் பார்வை மெல்ல அந்தக் கைக்குத் திரும்பியது.

"உங்களுக்கும் மிஷினா?"

குவித்த கை அப்படியே நின்றது. குமார் கேட்டார்: "என் புள்ளைக்கு?"

"நீங்க அப்பா, உங்ககிட்டேர்ந்து போகாது. பூங்கொடியோட குழந்தைங்களுக்கு வரலாம்."

முனியம்மா புருஷனின் சட்டையை இழுத்தாள். "இன்னாய்யா சொல்றாங்க?"

கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும். எத்தனையோ வருஷம் கத்தக் காத்திருந்த வார்த்தை. இப்போது எல்லப்பனுக்கு நாக்கு எழவில்லை.

பூங்கொடி எழுந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் கேட்கும்படி உரக்கவே கேட்டாள்: "மாமா, இது உன் வூட்டு சக்கரதான். இப்ப சொல்லு, பேரப்புள்ளைக்கு வேணுமா, வேணாமா?"

குமாருக்கு இந்த முறை நன்றாகவே கேட்டுவிட்டது. சட்டைக் கையை மடித்து டாக்டர் பக்கம் நீட்டினார்.

"மொதல்ல என் ரத்தத்த எடுங்க."

பிறகு, எல்லப்பனின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"தை மாசத் தேதிய மாத்தாத மச்சான்."