முப்பத்தெட்டாம் பெட்டி

ஜவ்வாது மலையில் விவசாயிகள் சங்கம் ஒன்றில் ஈஸ்வரிதான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்களின் காட்டு நிலப் பட்டா மனுவை, வரைபடத்தோடு அன்று மாலை ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும். வரைபடம் எக்செல்லில் இருந்தது. நிலத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் உடையவர் பெயர். பட்டியலில் பெயரைத் திருத்தி மேக்ரோ என்ற சிறு நிரலை ஓட்டினால் பெட்டியிலும் மாறிவிடும். அவளுக்கு முன் அந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போன வெற்றிவேல் எழுதி வைத்தது.

மங்கம்மாள் காலையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கோவிந்தன் தை மாதம் இறந்துபோனான். பெட்டியில் இன்னும் அவன் பெயர்தான்; அதை அவள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

மேக்ரோ இருபதாவது வடிவத்தில் நின்றது. அது ஓடையைக் காட்டும் வெறும் கோடு. அதற்குள் எழுத முடியாது. கோடுகளைத் தாண்டிப் போகும்படி ஈஸ்வரி ஒரு வரி சேர்த்தாள். ஓடியது. முப்பத்தெட்டாம் பெட்டியில் மறுபடியும் பிழை. கோவிந்தனின் பெட்டி. கையால் திருத்தலாமென்றால் பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. அந்தத் தாளில் புதுப் பெட்டி சேர்க்கவும் விடவில்லை.

வெற்றிவேலுக்குப் போன் போட்டாள்.

"எல்லைத் தகராறு வந்தப்போ யாரும் மாத்தக் கூடாதுன்னு அந்தப் பெட்டிய மட்டும் பூட்டுனேன்க்கா. பாஸ்வேர்டு பழைய லேப்டாப்ல இருந்துச்சு. அது செத்துப்போச்சு."

புது எக்செல் தாளில் எல்லாப் பெட்டிகளையும் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தாள். நாலரைக்கு நாற்பதுதான் முடிந்திருந்தது.

"இன்னாம்மா, ஆவாதா?" என்றாள் மங்கம்மாள். ஈஸ்வரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதை இப்படியே அனுப்பலன்னா எல்லாருக்கும் போய்டும் பெரிம்மா. அவர் இறந்துட்டார்னு லெட்டர் எழுதிச் சேக்கறேன்."

மங்கம்மாள் திரையில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எது அவன் பெயர் என்று மட்டும் தெரியும்.

"அனுப்பு. ஊருக்காச்சும் ஆவட்டும்."

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு வந்த அதிகாரி வரைபடத்தைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். "கோவிந்தன்!"

"நான் அவர் பொண்டாட்டிங்க" என்று மங்கம்மாள் முன்னால் வந்தாள். ஈஸ்வரி கடிதத்தின் நகலை நீட்டினாள்.

"மேப்ல இருக்கற பேருதாம்மா கணக்கு. லெட்டர் எதுவும் ஃபைல்ல இல்ல. புதுசா மனு போடுங்க."

"எப்போங்க வாங்குவீங்க?"

"அறிவிப்பு வரும்."

அவர் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு முப்பத்தொன்பதாம் பெயரைக் கூப்பிட்டார். மங்கம்மாள் நகரவில்லை. பின்னால் நின்றவர்தான் அவளைச் சுற்றிக்கொண்டு மேசைக்குப் போனார்.