நல்ல கிருமி

தம்பிக்கு இருமல் கொஞ்சம் அடங்கியதும் வயிறு கெட்டுப்போனது. வீட்டில் எல்லோருக்கும் வந்த அதே வைரஸ் காய்ச்சல்தான். மற்றவர்கள் எழுந்து நடமாடிவிட்டார்கள், அவனை மட்டும் அது விடவில்லை. போன வருடம் சிறுநீரகம் மாற்றியவன். புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடக் கூடாதென்று எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தார்கள். நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் குடலையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

அக்கா மருந்துக்கடையில் வேலை செய்பவள். கடையிலிருந்து வயிற்றுக்கான புரோபயாடிக் கேப்ஸ்யூல் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"இதுக்குப் போயா? இது மருந்தே இல்லம்மா, நல்ல கிருமி. குடல் நல்லா இருந்தா சளியும் தானா போயிடும். கடையில எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன்!"

தம்பி வாயைத் திறந்து காட்டினான். "போடுக்கா. உள்ள காலியாத்தான் கிடக்கு, குடி வரட்டும்."

மூவரும் சிரித்தார்கள். வயிற்றுப்போக்கு நின்றது. அவன் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தான். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வார இறுதியில் கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம் வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் அக்காவையும் தம்பி மனைவியையும் கூப்பிட்டார். "ரத்தத்துல பாக்டீரியா வளருது. இது நுரையீரல்லேருந்து வர்ற வகை இல்ல. நாங்க எழுதாம வேற ஏதாவது குடுத்தீங்களா?"

தம்பி மனைவி தரையைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பது அக்காவுக்குப் புரிந்தது. அதுதான் சுட்டது.

"நான்தான் டாக்டர்," என்று கேப்ஸ்யூலின் பெயரைச் சொன்னாள். "அது... நல்லதுதானே?"

"நமக்கு நல்லது. இவருக்குத் தடுக்க ஆளே இல்லையேம்மா. அந்தக் கிருமி குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போயிருக்கலாம்." சொல்லிக்கொண்டே போனை எடுத்தபடி உள்ளே ஓடினார்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி கண் திறந்தான். அக்காவைத் தேடிப் பிடித்தான். ஊசி குத்திய கையை மெல்லத் தூக்கி, விரல்களைக் குவித்து ஆக்சிஜன் முகமூடியருகே கொண்டுபோனான்; பிறகு மனைவி நின்ற பக்கம் காட்டினான். சாப்பிட்டாளா?

அக்கா தலையாட்டினாள். தம்பி மனைவி திரும்பவேயில்லை. நர்ஸ் வந்து திரையை இழுத்தாள். பாதியில் வளையம் சிக்கிக்கொண்டது. அந்த இடைவெளியில் அவன் கை மட்டும் இன்னும் தூக்கியபடியே இருந்தது.