கையைக் காட்டு

நோரீனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கேசினோ மேஜையில் சீட்டுப் போட நிற்கும்போது இந்தத் தொல்லை கிடையாது. கை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே சட்டம் உண்டு. பைக்குள் விடக் கூடாது. இடுப்பில் கட்டும் கறுப்புத் துணியே பையை மறைக்கத்தான். மேஜையை விட்டு நகரும்போது கையை ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கை இரண்டையும் கூரைக் கேமராவுக்கு விரித்துக் காட்ட வேண்டும். நான் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அர்த்தம். நாளாக நாளாக அது ஒட்டிக்கொண்டுவிடும். லாஸ் வேகாஸ் மளிகைக் கடையில் பால் கேனை வண்டியில் வைத்துவிட்டு மேலே பார்த்துக் கையை விரிக்கிற ஆளிடம், என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை மதியம். மெயின் தெருப் புத்தகக் கடையில் கதை வாசிப்பு. வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் விட்மோர், சிகாகோவிலிருந்து வந்த பதிப்பாளர். நோரீன் அனுப்பியவற்றில் ஒரே ஒரு கதைதான் அவருக்குப் பிடித்திருந்தது.

"அந்த ஆஸ்பத்திரிக் கதைய வாசிங்க. ஜனங்ககிட்ட எடுபட்டா புத்தகம் பத்திப் பேசுவோம்" என்றார்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுச் சீட்டுப் போட வந்த நாளிலிருந்து அவள் காத்திருந்தது இந்தப் பேச்சுக்குத்தான்.

வாசிப்பு தொடங்கும் நேரத்தில் மிலா உள்ளே வந்தாள். பக்கத்து மேஜையில் சீட்டுப் போடுகிறவள், பிலிப்பினோக்காரி. நோரீனுக்கு இந்த ஊரில் சிநேகிதி என்று சொன்னால் அவள் ஒருத்திதான். அவளிடம் மட்டும்தான் நோரீன் இதைச் சொல்லவில்லை.

"ஏண்டி, எங்கிட்ட சொன்னா வாய் வெந்துருமா? நம்ம கேசினோ மொட்டை டுவைன் சொல்லித்தான் தெரியும். இந்தா பாரு, பன்சித் செஞ்சு கொண்டாந்திருக்கேன்." கையில் அலுமினியத் தாள் மூடிய நூடுல்ஸ் தட்டு.

"சின்ன விஷயம் மிலா. நைட் ஷிப்ட் முடிச்சு நீ தூங்குற நேரமாச்சே."

"செத்தப்புறம் தூங்கிக்கலாம். என்ன கதை?"

"உனக்குப் போரடிக்கும்."

"உன் மூஞ்சியப் பாரு. இருபத்தொண்ணு ஆட்டத்துல பதினாறை வச்சுக்கிட்டு இன்னொரு சீட்டு கேக்கலாமா வேணாமான்னு முழிக்கிறவன் மாதிரி இருக்கு."

மிலா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அது மிலாவின் கதை. போன குளிர்காலத்தில், கேசினோவின் ஓய்வறையில் சொன்னது. சாகக் கிடந்த அவள் அம்மா தினமும் சீட்டு கேட்டிருக்கிறாள். மிலா போர்வைமேல் போட்டு விளையாடியிருக்கிறாள். அம்மாவின் மூச்சு நின்றதும் மிலா கை தட்டி, உள்ளங்கையைக் கூரைக்கு விரித்திருக்கிறாள். நர்ஸ் முறைத்தாளாம். "யார்கிட்டயும் சொல்லிராத. பெத்தவ செத்ததுக்குக் கை தட்டினவன்னு பேராயிரும்" என்றாள். நோரீன் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய், காலணியைக்கூடக் கழற்றாமல் எழுதினாள். அம்மாவை மெக்சிகோக்காரி ஆக்கினாள். அது போதும் என்று நினைத்தாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பையில் வேறொரு கதையும் இருந்தது. அதை வெளியே எடுத்தாள். விட்மோர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எடுத்ததை உள்ளே வைத்தாள். ஆஸ்பத்திரிக் கதையை வாசித்தாள்.

போர்வை வந்தது. சீட்டு வந்தது. கடைசி வரிசைப் பக்கம் பார்க்காமல் வேகவேகமாக வாசித்தாள். ஒரு நாற்காலி தரையில் தேய்ந்த சத்தம் கேட்டது. அம்மாவின் மூச்சு நிற்கும் வரியை வாசித்து முடித்தபோது, யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டினார்கள்.

மேஜையில் ஆள் மாற்றுவது அப்படித்தான். தோளில் தட்டு விழுந்தால் போக வேண்டியதுதான். ஏன், யார் என்று கேள்வி கிடையாது. நோரீன் கை தட்டினாள். உள்ளங்கைகளைக் கடையின் மின்விசிறிக்கு விரித்துக் காட்டினாள். இடப்பக்கமாக விலகினாள். விலகிய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது.

மைக் முன்னால் மிலா நின்றாள்.

"எங்கம்மா மெக்சிகோக்காரி இல்ல" என்றாள். "செத்தப்போ நான் பழக்கத்துல கை தட்டினேன்னு இவ எழுதியிருப்பா. இவகிட்ட பாதிதான் சொன்னேன். பிரேக்குல அவ்ளோதான் நேரம் கெடைக்கும். எங்கம்மாவுக்கு என்மேல சந்தேகம். நான் சீட்டை ஒளிச்சு வச்சு அவளை வேணும்னே ஜெயிக்க வைக்கிறேன்னு. நெஜந்தான், வச்சேன். ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் 'கையக் காட்டுடி கழுதை'ம்பா. கடைசி ஆட்டம் முடிஞ்சது. காட்டினேன்."

கூட்டத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. மிலா யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஜீன்ஸ் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, வாசல் பக்கம் நடந்தாள்.

விட்மோர் எழுந்து வந்தார். "பேசி வச்சுச் செஞ்சதா? பிரமாதம். அந்த முடிவையே எழுதிருங்க. நான் போடுறேன்."

நோரீன் உதட்டைக் கடித்தாள். வேண்டும் என்றுதான் இருந்தது.

"அது அவளோடது. இன்னொரு கதை இருக்கு. வாசிக்கட்டுமா?"

"எது, அந்தப் பார்க்கிங் கதையா?" விட்மோர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

நூடுல்ஸ் தட்டு நாற்காலியிலேயே இருந்தது. நோரீன் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினாள். மிலாவின் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. நோரீன் பக்கத்தில் வந்ததும் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"மிலா, நான் வந்து..."

"பேசாத. தட்டைக் கழுவிக் கொண்டா."

கண்ணாடி ஏறியது.