கிடாரத்துக்குத் தண்ணீர்

கேத்தலைத் தூக்கிக்கொண்டு றம்லா குசினிக்குள் ஓடியபோது உம்மாவுக்கு உயிர் இருந்தது. அடுப்பிலிருந்த பெரிய கிடாரத்தில் வெந்நீரை ஊற்றி, மூடியைச் சரித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது இல்லை. வாப்பா கட்டிலோரம் முழங்காலிட்டு, கரண்டியால் உம்மாவின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அது உள்ளே இறங்காமல் கடைவாயால் வழிந்து தலையணையை நனைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"நுவக்" என்பதுதான் உம்மாவின் கடைசிச் சொல். வியட்நாம் பாஷையில் தண்ணீர். சொல் வாயிலிருந்து வந்ததும் வாப்பா கரண்டியைத் தேடினார், மகள் கேத்தலைத் தேடினாள். ஒரு சொல்லுக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கம் ஓடினார்கள்.

வாப்பா சரீப், இளந்தாரியாக இருந்த காலத்தில் சைகோனில் ஒரு தமிழ் முஸ்லிமின் புடைவைக் கடையில் வேலைக்கு நின்றவர். அங்கே பார்த்துப் பிடித்துப்போய், கலிமாச் சொல்லிக்கொடுத்து நிகாஹ் முடித்த பெண்தான் உம்மா. லான் என்ற பெயர் ஸாலிஹா ஆயிற்று. ஒரு நோன்பை ஊரில் பிடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அவரைத் திருகோணமலைக்குக் கூட்டிவந்தார். அந்த நோன்பு முடிந்து, அதற்குப் பின்னால் இருபதுக்கு மேல் நோன்பும் வந்துபோய்விட்டது. முதலில் மூத்தவாப்பா வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்தது, பிறகு சொந்தக் கடை, பிறகு அந்த நாட்டுச் சண்டை. காரணங்களுக்கா பஞ்சம்? ஸாலிஹா கேட்டுக் கேட்டுப் பார்த்து, ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டார். வாப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர்கள் குடியிருந்த ஒழுங்கைச் சனத்துக்கு உம்மாவின் பெயர் சீனத்தி. வியட்நாம் வேறு சீனா வேறு என்று எத்தனை தரம் சொன்னாலும் ஊருக்கு ஏறவில்லை. றம்லா சீனத்தியின் மகள். உம்மாவின் கண்ணும் கன்னமும் அப்படியே அவளுக்கு வாய்த்திருந்தன. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சம்பந்தம் பேச வந்தவர்கள் தேநீரைக் குடித்து, அவள் முகத்தைப் பார்த்து, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். இப்போது யாரும் வருவதில்லை. அறையும் குசினியும் அவளுக்குப் போதும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டியதுபோல் இருந்தது. குசினி ஜன்னலால் பார்த்தால் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களின் கொடிமர நுனி தெரியும். கப்பல் தெரியாது.

வருஷம் முழுக்க அரைத்தமிழில் தட்டுத்தடுமாறுகிற உம்மா, தன்னுடைய ஊர்ப் புதுவருஷத்துக்குப் பான் தெத் அவிக்கிற நாட்களில் மட்டும் வாயோயாமல் பேசுவார். ஒட்டுகிற அரிசியைத் தேங்காய்ப்பாலில் பிரட்டி, நடுவில் பயறும் இறைச்சியும் வைத்து, வாழையிலையில் உருளையாகச் சுற்றி, நாரால் இறுக்கிக் கட்டி, காலையிலிருந்து பின்னேரம் வரை அவிக்கிற பண்டம் அது. இலை, நார், உப்பு, நெருப்பு, தண்ணீர் என்று றம்லா படித்த பாஷை அந்த அடுப்படி அளவுதான். அதற்கு வெளியே உம்மாவிடம் இருந்த சொற்களெல்லாம் வாப்பாவுக்குத் தெரியும். அவரோ அந்தப் பாஷையில் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

உள்ளே வைப்பது பன்றி என்று ஒழுங்கையில் ஒரு கதை நெடுகிலும் உண்டு. மாட்டிறைச்சிதான். யார் வந்து பார்த்தார்கள்?

இத்தனை வருஷமும் ஊர்ப் பச்சரிசிதான். ஒட்டாது, வெட்டினால் உதிரும். உம்மா பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் தின்பார். இந்த முறை வாப்பா துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றின் சமையல்காரனைப் பிடித்து, கடையிலிருந்து இரண்டு கைலிச் சாரங்களைக் கொடுத்து, அசல் ஒட்டரிசி வாங்கிவந்தார். உம்மாவின் கால் வீங்கி, மூச்சு முட்டத் தொடங்கியிருந்ததைக் கண்ட பிறகுதான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. நேற்று மூன்று பேருமாகப் பண்டத்தை இலையில் சுற்றினார்கள். உம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல றம்லா அரிசியைப் பரப்பினாள். வாப்பா கட்டினார். கட்டு இளகினால் உம்மா அவர் கையில் ஓர் அடி வைத்தார். வாப்பா சிரித்தார்.

இன்றைக்கு விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டியாயிற்று. இலைக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். இறங்கினால் மேலே கிடப்பது வேகாது.

செய்தி பரவி ஆட்கள் வந்தார்கள். இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிற நபீஸா மாமி வந்ததும் முதலில் குசினியைத்தான் எட்டிப்பார்த்தாள். புகை கண்ணில் பட, முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடாரத்துக்குள் என்ன என்று கேட்டாள். அரிசி, பயறு, மாட்டிறைச்சி என்றாள் றம்லா. மாட்டு என்பதை அழுத்திச் சொன்னாள். மாமி நம்பினாளோ இல்லையோ, அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மௌத்தான ஊட்டுல அடுப்பெரியப்படாது புள்ள. சோறு நாங்க அனுப்புவம். நெருப்ப அணை."

றம்லா அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள். மாமி முன்னறைக்குப் போனாள். அங்கே குசுகுசுப்பு எழுந்து, பிறகு வாப்பாவின் செருமல் கேட்டது.

அடுப்பு அணைந்தால் எல்லாம் முடிந்தது. பாதி வெந்த அரிசியைத் திரும்ப அவிக்க முடியாது, களியாகிவிடும். அதைவிடப் பெரிய ஒன்று அவளுக்குள் கிடந்தது. உம்மாவின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இல்லாமல் அவள் இந்தக் கிடாரத்துக்காகத்தான் ஓடினாள். உம்மா கேட்டதைச் செய்யத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் வேறு எதுவும் இல்லை. இதையும் குப்பையில் கொட்டிவிட்டால் எதற்காக ஓடினாள்?

வாப்பா உள்ளே வந்தார். ஆட்கள் ஒருமாதிரிக் கதைக்கிறார்கள், அணைத்துவிடுவோம் மகள் என்றார். இன்னும் வேகவில்லை என்றாள். அவர் குந்தி, எரிகிற கொள்ளியொன்றை வெளியே இழுத்தார். இழுத்தவர் அதைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"அவ சொன்னது உனக்குக் கேட்டிச்சா?"

"ஓம் வாப்பா. தண்ணி."

"தண்ணிதான். அந்தப் பாசையில தண்ணிக்கும் நாட்டுக்கும் ஒரே சொல்லு, மகள்." அவர் கொள்ளியின் நுனியைப் பார்த்தார். "அவ நாட்டக் கேட்டிருக்கா. நான் கரண்டியால தண்ணி குடுத்திருக்கன்."

றம்லா கிடாரத்தைப் பார்த்தாள். இல்லை. தண்ணீர் இறங்கி மூடியின் சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் உம்மா கண்ணைத் திறந்தார், குசினிப் பக்கம்தான் பார்த்தார், காலையிலிருந்து அந்தச் சொல்லை எத்தனை தரம் சொன்னார். கிடாரத்துக்குத்தான் வாப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். வாய்வரை வந்தது. இத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கிய மனுஷன் என்ற ஆத்திரமும் கூடவே வந்தது. அவள் சொல்லவில்லை.

வாப்பா கொள்ளியைத் திரும்ப அடுப்புக்குள் தள்ளினார். வாசலுக்குப் போய், அந்த நெருப்பு எரியட்டும், கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவர் அப்படிக் குரலுயர்த்தி யாரும் கண்டதில்லை. நபீஸா மாமி முணுமுணுத்தாள். ஆனாலும் சீலையைச் செருகிக்கொண்டு குளிப்பாட்டப் போனாள்.

பின்னேரம் அஸர் தொழுகையோடு உம்மாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். அடக்குகிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு றம்லா குசினிக்குத் திரும்பி, வெந்நீர் ஊற்றினாள். கலிமாச் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது. உம்மா இந்த ஊரைவிட்டு ஓரடிகூடப் போகவில்லை, இங்கேயே ஒரு மூலையில் வைக்கக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள். யாரும் உள்ளே வரவில்லை.

பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு வாப்பா தனியே வந்து குசினி நிலத்தில் உட்கார்ந்தார். மாமி அனுப்பிய சோறு மூடியபடி இருந்தது. றம்லா ஒன்றை எடுத்து இலையை உரித்தாள். அரிசி ஒரு மணியும் தனித்துத் தெரியாமல், பச்சை படிந்து, ஒன்றாகச் சேர்ந்திருந்தது. முதல் தடவையாகச் சரியாக வந்திருந்தது. இதைக் கத்தியால் வெட்டினால் ஒட்டிக்கொள்ளும், நூலால்தான் அறுக்க வேண்டும். அவள் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதைப் பண்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அவ நாட்டத்தானே கேட்டா, மகள்?" என்றார் வாப்பா. ஏதோ கடனுக்குத் தவணை கேட்கிற குரல்.

றம்லா அவரைப் பார்த்தாள். நூலைப் பல்லில் இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டு, மறு நுனியை மெல்ல இழுத்தாள்.